பூதி நங்கையைத் திருப்பி அனுப்பாத காரணம்

நலமே சூழ்க. ஏழு ஆறுகளும் தத்தம் கரைக்குள் அடங்கி ஓடவும், விதைத்தவர் அறுத்து மகிழவும், கடலுக்குப் போனவர் கரை சேரவும் வேண்டி அரசு செலுத்தும் ஏழாற்று நாட்டு வேந்தர், விண்ணகம் புகுந்த பெருஞ்சாத்த மன்னரின் இளைய மகனார், நாரைக்கொடியுடைய கடலன் ஆகிய நாம், நமது ஆட்சியின் எட்டாம் ஆண்டு, மாசித் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாளில், புன்னைவாயில் அரண்மனையிலிருந்து, வெண்மணல் தீவில் சித்தம் கலங்கியோரைக் காக்கும் தெளிசாலையின் பெருங்கண்காணியும் மருத்துவத்தில் இந்நாட்டின் முதல்வருமான ஆலங்காடருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் இல்லத்தார்க்கும், உம் சாலையில் உறையும் அறுபத்து நால்வர்க்கும் நலம் உண்டாகுக. அந்த அறுபத்து நால்வரையும் வாழ்த்தில் சேர்த்திருப்பது கண்டு நீர் வியப்பீர். சாலை தோன்றிய நாள் முதல் அரண்மனையிலிருந்து அங்கே சென்ற ஓலைகள் எல்லாவற்றின் படிகளையும் எடுத்துப் பார்த்தோம். தூண்களையும் துலாக்கிணற்றையும் நலம் விசாரித்த ஓலைகள் உண்டு. உள்ளே இருப்பவரை வாழ்த்திய ஓலை ஒன்றுகூட இல்லை.

உமது ஓலை கிடைத்தது. நம் ஓலைநாயகம் நக்கன் வேளார் தம்மோடு தலைநகருக்கு அழைத்து வந்த பூதி நங்கையை, வந்த படகிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறீர். சாலையின் சோதனையில் அவர் ஒருமுறையும் தேறவில்லை என்றும், அண்மையில் காரணமின்றி மூன்று நாள் அழுதார் என்றும், கொண்டுவந்து ஒப்படைத்த உறவினர் அவரைத் திரும்பக் கேட்கவில்லை என்றும் மூன்று காரணம் காட்டியிருக்கிறீர். வரும் பங்குனி முழுநிலவோடு அவர் உள்ளே புகுந்து பன்னிரண்டு ஆண்டு நிறைகிறது. அன்று வழக்கப்படி உறவினர் அவருக்கு நீர்க்கடன் கழித்து, ஊர்ப் பெயரேட்டிலிருந்து இறந்தவராக நீக்குவர். அதற்குள் அவர் சாலையில் இருந்தாக வேண்டும் என்றும் நினைவூட்டியிருக்கிறீர். உமது ஓலையில் பிழை ஏதும் இல்லை, சினமும் இல்லை. ஆகவேதான் அது நம்மை இத்தனை கலக்கிற்று. இதற்கு மறுமொழி நீளும். அமர்ந்து படியும்.

சேந்தன் மகள் பூதி நங்கை நெய்தல்வாயில் துறையைச் சேர்ந்தவர். கப்பல் வடம் திரிப்பது அவர் குடித்தொழில். அவர் கையால் முறுக்கிய வடம் என்றால் மாலுமிகள் இழுத்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்களாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஐப்பசியில் அவர் கணவர் ஏறிய மரக்கலம் திரும்பவில்லை. அடுத்த திங்களில் கைக்குழந்தை காய்ச்சலில் போயிற்று. மூன்று வயதுப் பெண் குவளை மட்டும் மிஞ்சினாள். அந்தக் கலத்தில் பாய் கட்டியிருந்தது பூதி நங்கை திரித்த வடத்தால். வடம் அறுந்துதான் கலம் போயிற்று என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அவர் மனம் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பேச்சு நின்றது. பிறகு களத்தில் கிடந்த வடங்களையெல்லாம் எடுத்து இழை இழையாகப் பிரித்துப் போட்டார். எங்கே நொய்ந்த நார் இருக்கிறது என்று தேடினாராம். விடியற்காலையில் கழுத்தளவு கடலில் நின்றவரை இருமுறை வலைஞர் இழுத்து வந்தனர். கணவரின் தம்பி வேம்பன் கெட்டவன் அல்லன், பயந்தவன். அண்ணியைக் கடல் கொண்டுவிடுமோ என்று நடுங்கி, பங்குனியில் ஒருநாள் வெண்மணல் தீவுக்குக் கொண்டுவந்தான். கொண்டுவந்தவரின் முத்திரை ஒன்றும் மருத்துவரின் இசைவு ஒன்றும் இருந்தால் போதும், கதவு சாத்தப்படும் என்பது அன்றைய சட்டம். இந்த ஓலை உம் கைக்கு வரும்வரை அதுவே இன்றைய சட்டமும் ஆகும்.

உமது எண்ணெயும் கசாயமும் தம்மைத் தேற்றின என்று பூதி நங்கை நம் அவையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நன்றியை உமக்குச் சேர்ப்பிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். தாம் மெய்யாகவே கலங்கியிருந்ததை அவர் மறைக்கவில்லை. நான்கு ஆண்டு எங்கோ ஆழத்தில் கிடந்ததுபோல் இருந்தது, பின்பு ஒருநாள் சோறு உப்பாக இருக்கிறது என்று தோன்றியது, அதை வாய்விட்டுச் சொன்னேன், அன்றுமுதல் பேச்சு வந்தது என்றார். அவை முழுதும் சிரித்தது, அவரும் சிரித்தார். பேச்சு வந்ததும் சாலையில் முதலில் அவர் கேட்டது மகளைப் பற்றி. உறவினர் பேச்சு நோயைக் கிளறும் என்பது உம் சாலை விதி. எனவே ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

அடுத்து வந்த முழுநிலவில் அவரைச் சோதனைக்கு அழைத்தீர். நீர் கேட்கும் கேள்விகள் மூன்று என்பதை நாடறியும். உன் பெயர் என்ன, உன் ஊர் எது, இந்நாட்டை ஆள்பவர் யார். சேந்தன் மகள் பூதி என்றார். நெய்தல்வாயில் என்றார். ஆள்பவர் பெருஞ்சாத்த மன்னர் என்றார். நீர் வருத்தத்தோடு தலையசைத்து, இன்னும் தெளியவில்லை என்று ஏட்டில் எழுதச் செய்தீர். எம் தந்தையார் இறந்து அப்போது இரண்டு திங்களே ஆகியிருந்தன. அந்தப் பெண்ணுக்கு இரண்டு திங்கள் முன்னதாகப் பேச்சு வந்திருந்தால், ஏழு வயதில் நின்ற மகளை அவர் அந்த வாரமே மடியில் இருத்தியிருப்பார்.

மன்னர் மறைந்ததை அவர் எப்படி அறிவார்? இதில் உம்மேல் குற்றம் இல்லை, எம் குடிமேல்தான். தந்தையார் ஒருமுறை சாலையைக் காண வந்தபோது, உடன் வந்தோர் முழக்கிய முரசுக்கு அஞ்சி, உள்ளே இருந்தவருள் ஒருவர் ஆற்றில் பாய்ந்து இறந்தார். தந்தையார் அன்று உணவு கொள்ளவில்லை. வெண்மணல் தீவைச் சுற்றி ஒரு காதத்துக்கு எந்த முரசும் ஒலிக்கலாகாது என்று மறுநாளே ஆணையிட்டார். அவர் மறைவும் நம் முடிசூட்டும் மலைக்குடிகள் வரை முரசறைந்து சொல்லப்பட்டன. தீவருகே வந்ததும் முரசுக்காரர்கள் முரசின்மேல் துணி போர்த்திக்கொண்டு, அரவமின்றிக் கடந்து போனார்கள். ஓர் இரக்கத்தால் பிறந்த ஆணையை, அதனினும் பெரிய கவனத்தோடு நிறைவேற்றினார்கள்.

சாலைக் காவலரேனும் சொல்லியிருக்கலாமே என்று கேட்போம் என்றால், அங்கேயும் நேர்மை வந்து வழி மறித்தது. சோதனைக் கேள்விகளுக்கு விடை சொல்லித் தருவதில்லை என்று அவர்கள் சூள் உரைத்தே பணிக்கு வருகிறார்கள். ஏழாண்டில் ஒரு காவலர்கூட வாய் தவறவில்லை. இத்தனை உண்மையான பணியாளரை நம் கருவூலத்தில்கூட நாம் கண்டதில்லை.

புதிதாக வந்தவர்கள் சொல்லியிருப்பார்களே என்று நீர் கேட்கலாம். நாமும் கேட்டோம். சொன்னார்கள் என்றார் பூதி நங்கை. மருதங்குடியிலிருந்து வந்த ஒருவர், இப்போது ஆள்பவன் கடலன் என்று அடித்துச் சொன்னாராம். அதே மூச்சில், நிலவுக்குத் தாமே அரசர் என்றும் சொன்னாராம். மன்னருக்கு மூத்த மகன் இருக்க இளையவன் எப்படி முடி சூடுவான், பாவம், இவருக்கு இன்னும் தெளியவில்லை என்று எண்ணி, அவருக்குத் தம் பங்கு மோரையும் கொடுத்தாராம். நம் தமையனார் தந்தைக்கு முன்பே இறந்ததை அறியாத எவரும் அப்படித்தான் எண்ணுவர். ஆலங்காடரே, இதைவிடத் தெளிந்த அறிவை நீர் எங்கே காண்பீர்? சித்தம் கலங்கியவர் சொல்லை நம்பாமல் தம் அறிவை நம்பியதால், எண்பதுக்கும் மேற்பட்ட முழுநிலவுகளில் அவர் கலங்கியவர் என்று எழுதப்பட்டார்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். நம் முடிசூட்டுக்கு முன் சாலைக்குள் வந்தோர் முப்பத்தொருவர். ஏழாண்டில் அவர்களுள் ஒருவரும் வீடு திரும்பவில்லை. பின்பு வந்தோர் பலர் ஓராண்டு ஈராண்டில் தேறிப் போயினர். நீர் இதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்து, பித்து முதிர்ந்தால் தீராது, புதிதாயின் தீரும் என்று நூலே எழுதினீர். அதை நாம் பாராட்டிப் பட்டாடை போர்த்தினோம். தீராத நோயாளருக்கென்று தனிக்கட்டடம் கேட்டீர், செங்கல்லும் அனுப்பினோம். நம் அறியாமைக்கு நாமே சுவர் எழுப்பக் கல் கொடுத்தோம் என்று இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது.

வெள்ளத்தில் சேதமான மதிலைப் பார்வையிட நக்கன் வேளார் சென்ற தை மாதம் அங்கே வந்தார். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூதி நங்கை எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அரசவைக்கு ஒரு வழக்கு உண்டு, கேட்பீரா என்றார். திருடிய ஒருவனைப் பிடித்தால், கையைக் கட்டுமுன் ஊரவை அவனை அழைத்து நீ திருடினாயா என்று கேட்கிறது. அவனுக்காகப் பேச ஒருவரை வைத்துக்கொள்ளவும் விடுகிறது. இத்தனை நாள் சிறை என்று நாளும் குறிக்கிறது. நான் ஒன்றையும் திருடவில்லை. என்னை எந்த அவை அழைத்துக் கேட்டது, எனக்கு எத்தனை நாள் என்று எங்கே குறித்திருக்கிறது, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், போதும் என்றார். நாற்பதாண்டு சட்ட ஓலைகளோடு வாழ்ந்த வேளார் அந்தக் கேள்விகளை ஓலையில் குறித்துக்கொண்டார். பின்பு பேச்சுவாக்கில், கடல மன்னரிடம் சொல்கிறேன் என்று கூறிவிட்டார். யார் அது என்று பூதி நங்கை கேட்டார்.

எம் தந்தையார் இறந்த செய்தியைக் கேட்டவர் அங்கேயே அமர்ந்து அழுதார். நெய்தல்வாயில் துறைக்குத் தந்தையார் வந்தபோது, அவர் திரித்த வடத்தைக் கையில் எடுத்து மெச்சியிருக்கிறாராம். அதை நினைத்து அழுதார். வெளியே கழிந்த ஏழாண்டு ஒரே நொடியில் வந்து தலையில் இறங்கியதால் அழுதார். மகளுக்கு இப்போது என்ன வயது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து அழுதார். காவலர் ஏட்டில் அன்று எழுதியதை வேளார் படியெடுத்து வந்தார். ஏழாண்டுக்கு முன் இறந்தவருக்காக இன்று அழுகிறாள், பித்து முற்றியது என்று அதில் இருக்கிறது. நீர் காட்டிய இரண்டாம் காரணம் இதுவே. எம் தந்தையாருக்காக இந்த ஆண்டு அழுதவர் இந்நாட்டில் அவர் ஒருவர்தான். நாமும் அழவில்லை.

நம் அவையில் அவரை முறைப்படி அமர்த்திக் கேட்டோம். அதற்கு முன், அவையோரிடம் நாம் ஒரு கேள்வி கேட்டோம். கடலுக்கு அப்பால் உள்ள மணிபுரத் தீவை இப்போது ஆள்பவர் யார் என்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். முதலமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார். அப்பெயருடையவர் இறந்து பத்தாண்டு ஆயிற்று. முதலமைச்சரை எந்தச் சாலைக்கும் நாம் அனுப்பவில்லை.

பூதி நங்கை தமக்கென்று எதுவும் இரக்கவில்லை. சில நாள் தம்மைக் கட்டிவைத்தது தேவையாகவே இருந்திருக்கலாம் என்றார். ஆனால் தேவை தீர்ந்ததா என்று எவரும் வந்து பார்க்காமல் நாற்பது நாள் கட்டு அப்படியே இருந்தது என்றார். கட்டும்போது யார், ஏன், எதுவரை என்று சொல்லிக் கட்டினால் கலங்கியவருக்கும் அது புரியும், தமக்குப் புரிந்திருக்கும் என்றார். இன்னும் தெளியாதவர் பலர் அங்கே உண்டு, அவர்களுக்கு உம் கவனிப்பு வேண்டும். தெளியவில்லை என்பதற்காக அவர்கள் பேச்சு காற்றோடு போக வேண்டுமா என்று கேட்டார். மகளை ஒருமுறை பார்த்தபின் சாலைக்கே திரும்பச் சொன்னாலும் திரும்புவேன், அங்குள்ள முப்பது பேரையும் ஒருவர் அமர்ந்து கேட்பதாக இருந்தால் என்றும் சொன்னார். அப்போது அவையில் யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே நமது ஆணையைக் கேளும். இனி ஒருவரைச் சாலைக்குள் கொண்டுவர உறவினர் முத்திரை மட்டும் போதாது. கொண்டுவந்த பதினைந்து நாளுக்குள் அவரை ஊரவையார் நேரில் காண வேண்டும். எதற்காக வைத்திருக்கிறோம் என்பதை அவருக்கு விளங்கும் சொல்லில் சொல்ல வேண்டும். அவர் தாமே பேசலாம், தமக்கு வேண்டியவரைப் பேச வைக்கலாம். ஆறு திங்களுக்கு ஒருமுறை மீண்டும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் கதவு தானே திறந்ததாகும். கட்டுவது தவிர்க்க முடியாதபோது மட்டுமே. காரணத்தை எழுதி, அன்று பொழுது சாயுமுன் அவிழ்க்க வேண்டும். யாருக்கு ஓலை அனுப்ப விரும்பினாலும் அனுப்பலாம். எழுத்தாணி கூரியது என்று அஞ்சினால் அருகில் அமர்ந்து நீரே எழுதிக்கொடும். பிரித்துப் படிப்பதும் மறைப்பதும் கூடா. உறவினர் வந்தால் படகுத்துறையில் நிறுத்தாமல் உள்ளே விடும். வேம்பன் ஆண்டுதோறும் ஒரு சேலையோடு துறைவரை வந்து, அப்படியேதான் இருக்கிறாள் என்ற ஒரே மறுமொழியோடு திரும்பினான் என்பதை இப்போதுதான் அறிந்தோம். அவன் திரும்பக் கேட்கவில்லை என்பது உம் மூன்றாம் காரணம். கேட்கலாம் என்று அவனுக்குச் சொன்னவர் யார்?

பன்னிரண்டாம் ஆண்டு நீர்க்கடன் இன்றோடு ஒழிந்தது. மூச்சு உள்ளவரை இறந்தவர் என்று எழுதும் ஏடு எந்த ஊரில் இருந்தாலும் அதை எழுதியவர் நமக்கு விடை சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவரின் வீடும் தொழிலும் உரிமையும் அவர் பெயரிலேயே நிற்கும்.

மற்ற முப்பது பேருக்கும் எம் தந்தையார் மறைந்ததைச் சொல்லும். முற்றத்தில் கூட்டி அறிவிக்க வேண்டா. ஒவ்வொருவர் அருகிலும் நீரே சென்று அமர்ந்து, மெல்லச் சொல்லும். அழுதால் அழட்டும், அதை ஏட்டில் எழுத வேண்டா. பிறகு மருத்துவர் இருவரும் ஊரவையார் மூவரும் அவர்களோடு நாள் முழுதும் பழகிப் பார்த்து முடிவு சொல்லட்டும். மூன்று கேள்விகளில் ஒருவர் வாழ்வை அளந்தது போதும். நம் பெயர் தெரியாமல் எத்தனையோ பேர் நன்றாகவே வாழ்கிறார்கள்.

ஆலங்காடரே, உம்மைப் பணியிலிருந்து நீக்குவோமோ என்று அஞ்ச வேண்டா. அந்த முப்பது பேரிடமும் செய்தி சொல்லும் வேலையினும் பெரிய தண்டனையை நாம் அறியோம். அதைச் செய்து முடிக்க உம்மைவிட இரக்கமுள்ளவரையும் அறியோம். தந்தையார் இட்ட ஆணைக்காக அந்த முப்பத்தொருவரிடமும் நாமே வந்து பொறுத்தருளக் கேட்போம். பங்குனி பிறக்கட்டும், வருகிறோம்.

இனி, இவ்வோலையின் செல்லுபடி குறித்து ஒரு சொல். அரசாணைக்கு மூவர் சாட்சி எழுத்து இட வேண்டும் என்பதும், சித்தம் கலங்கியவர் எழுத்து இட்ட ஓலை முழுதுமே செல்லாதென்பதும் நம் நாட்டு முறை, நீர் அறிந்ததே. முதல் எழுத்து நக்கன் வேளாருடையது. இரண்டாவது நம் பட்டத்தரசியாருடையது. மூன்றாவது எழுத்துக்கு அவையில் பலர் முன்வந்தனர். நாம் அவர்களை அமரச் சொல்லிவிட்டு, எழுத்தாணியைப் பூதி நங்கையிடம் நீட்டினோம். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அதைத் தொடுகிறார். யாரையும் கை பிடித்து உதவச் சொல்லாமல் தாமே எழுதினார். இவ்வோலையை நீர் ஏற்றால், அவர் தெளிந்தவர் என்று உம் கையாலேயே ஏற்றவர் ஆவீர். அவர் தெளியாதவர் என்பீராயின் இவ்வோலை செல்லாது. அதைச் சொல்லுமுன் அவர் இருக்கும் இடத்துக்கு நீரே சென்று, அவரோடு ஒரு பொழுது அமர்ந்து பேசும், அதன்பின்னும் சொல்ல மனம் வந்தால் சொல்லும். இவ்வோலை கொண்டுவரும் படகு நெய்தல்வாயில் வழியாகத்தான் வருகிறது. அங்கே இறங்குபவர் ஒருவர் உண்டு. அவரை இறக்கிவிட்டே உம்மிடம் வரும்.

நாரை இலச்சினை இட்டோம். ஏழு ஆறுகளும் சான்றாகுக. எழுதியபடி செய்க.

இவை ஓலைநாயகம் நக்கன் வேளார் எழுத்து.

இவை பட்டத்தரசி மாதேவியார் எழுத்து.

இவை நெய்தல்வாயில் வடம் திரிக்கும் சேந்தன் மகள், குவளையின் தாய், பூதி நங்கை எழுத்து. முழுதும் படித்தேன். என் அறிவோடு இட்டேன்.